தோளைப் பார்த்துத் தூக்கியவர்

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ராசப்பன் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் வலது கையால் எடுக்கவில்லை. மனைவி மலர்க்கொடி முதல் இரண்டு நாள் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை, மகள் வைஷ்ணவியின் தட்டுக்குப் பக்கத்திலிருந்த கொதிக்கும் ரசச் சட்டியை அவர் இடது கையால் நகர்த்தப் போய்ப் பாதியைத் தரையில் கொட்டினார். அப்போதுதான் வலது கை எங்கே என்று பார்த்தாள். அதைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார். சுளுக்கா என்றாள். அதுவும் இல்லை என்றார். துணியை எடுத்துத் தரையைத் துடைத்தபடியே, பின்னே எதற்கு அதைச் சிறை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். வைஷ்ணவி சிரித்தாள். ராசப்பன் சிரிக்கவில்லை.

அவருக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தியொரு வயதில், தன் தோளிலிருந்து தொங்குகிற சொந்தக் கையைப் பார்த்துப் பயம். அதை ஒருவர் மனைவியிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

ராசப்பன் கிரேன் ஆபரேட்டர். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் வாடகை வீடு. வேலை துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில். பாய்லர்களுக்கான இரும்பு டிரம்களை அங்கே செய்கிறார்கள். டிரம் என்றால் தண்ணீர் பிடிக்கும் டிரம் அல்ல. ஒரு பஸ்ஸைவிட நீளமானது, பல பஸ்களின் எடை கொண்டது. அவற்றைத் தூக்கி நகர்த்த, ஷெட்டின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன்கள் உண்டு. அந்தக் கிரேனோடு தொங்கும் ஒரு கண்ணாடிக் கேபினில், முப்பதடி உயரத்தில், ராசப்பன் உட்கார்ந்திருப்பார். கீழே ரிக்கர் முருகானந்தம். சரக்கைச் சுற்றி ஸ்லிங் என்கிற தூக்குக்கயிற்றைக் கட்டுவது, எல்லாரையும் விலக்கி நிறுத்துவது, மேலே பார்த்துக் கைச்சைகை காட்டுவது அவர் வேலை. ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. ஷெட்டில் கிரைண்டர்களும் சுத்தியல்களும் போடுகிற சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் கைதான் பேச்சு.

புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தடித்த இரும்புத் தகட்டைத் தூக்க வேண்டியிருந்தது. முருகானந்தம் ஸ்லிங்கை மாட்டிவிட்டுத் தகட்டின் ஓரத்தில் நின்றார். அவருடைய வலது தோள் லேசாக ஏறியது. ராசப்பனின் கை லிவரை இழுத்தது. கம்பிக்கயிறு விறைத்தது. கீழே முருகானந்தம், நெருப்பைத் தொட்டவர்போலக் கையை உதறினார்.

அவர் தோளை ஏற்றியது சைகைக்காக அல்ல. ஸ்லிங்குக்கு அடியில் கொடுத்திருந்த மரக்கட்டை நழுவியிருந்தது. அதைத் தள்ளிவிடக் கையை நீட்டியிருக்கிறார். தகடு மேலே வந்தபோது அதோடு அவருடைய கையுறையும் வந்தது. இரண்டு விரல்கள் ஸ்லிங்கில் நசுங்கி, மற்றவை தொங்கிக்கொண்டு. அது வெறும் கையுறைதான் என்று ராசப்பனுக்குப் புரிய மூன்று நொடி ஆனது. அந்த மூன்று நொடியும் அதற்குப் பிறகு அவரைவிட்டுப் போகவில்லை.

முருகானந்தம் தன் விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு மேலே, கேபினைப் பார்த்தார். திட்டவில்லை. கல்லை எடுத்து எறியவில்லை. வேறு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, தகட்டை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. மதியம் எப்போதும்போல் எதிரில் உட்கார்ந்து, கத்திரிக்காய்ப் பொரியலில் ஒரு கரண்டியை ராசப்பன் டப்பாவில் வைத்தார். ராசப்பன் அந்தப் பொரியலைத் தொடாமல் டப்பாவை மூடினார். முருகானந்தம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கை முந்துவது அவருக்குப் புதிதல்ல. ஜீயபுரத்தில் வாழைத்தார் சுமக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், வாய்க்காலில் ஒரு ஆட்டுக்குட்டி அடித்துப்போவதைப் பார்த்துக் குதித்தார். தனக்கு நீச்சல் தெரியாது என்பது தண்ணீருக்குள் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆட்டையும் அவரையும் வேறொருவர் கரையேற்றினார். ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்த இடத்தில், தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்ன மேஸ்திரியை அறைந்துவிட்டார். அறைந்த சத்தம் கேட்டுத்தான் அவரே திரும்பிப் பார்த்தாராம். அதற்கு ஆறு மாதம் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. பெரியப்பா மகனுக்குப் பெண் பார்க்கத் துணைக்குப் போனார். மாப்பிள்ளை யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தபோது, சபையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ராசப்பன், நான் கட்டிக்கொள்கிறேன் என்றார். அந்தப் பெண்தான் மலர்க்கொடி. இரண்டு குடும்பமும் ஒரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. யோசிச்சிருந்தா இவர் வந்திருக்கவே மாட்டார் என்று அவள் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

ஒருதடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டில், நகரும் பஸ்ஸின் படியிலிருந்து நழுவிய ஒரு குழந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியதும் இதே கைதான். குழந்தையின் அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதனால் ராசப்பன் இத்தனை வருஷமும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. சிலருக்குக் குரல், சிலருக்குக் கணக்கு, தனக்குக் கை என்று நினைத்திருந்தார்.

கம்பெனியிலும் அதற்கு மதிப்பு இருந்தது. மற்றவர்கள் பன்னிரண்டு நிமிஷம் எடுக்கும் வேலையை ராசப்பன் ஒன்பதில் முடிப்பார். காரணம், அவர் முருகானந்தத்தின் கையைப் பார்ப்பதில்லை, தோளைப் பார்ப்பார். விரல் உயர்வதற்கு முன்னால் தோள் ஏறும். தோளிலேயே தூக்கிவிடுவார். எட்டு வருஷம் ஒரே ஷிஃப்டில் இருந்தால் அது கைவந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ரிக்கர்களிடம், அந்த ரெண்டு பேருக்கும் ஒரே நரம்பு என்று சொல்வார்கள். ராசப்பனுக்கு அது கேட்க நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு, முடிந்த டிரம் ஒன்றை ட்ரெய்லரில் ஏற்ற வேண்டும். ஒரு கிரேனால் ஆகாது; இரண்டு கிரேன் சேர்ந்து தூக்க வேண்டும். ஒன்றில் ராசப்பன், இன்னொன்றில் பெஞ்சமின். இப்படித் தூக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் டிரம் சாயும். சாய்ந்தால் ஸ்லிங்கிலிருந்து வழுக்கலாம். ட்ரெய்லரைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள். ராசப்பன் அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். குழாயைத் திறந்த கை வலது கை என்பதைப் பார்த்துச் சட்டென்று மூடினார்.

பெஞ்சமினுக்கு ஐம்பத்து நான்கு வயது. நிதானமான மனிதர், அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்து கதை பேசுவார்கள். அவருடைய மகள் ஜெஸ்லின், அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், திருச்சியில் ஒரு கல்லூரியில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நாமாக ஒரு அசைவைச் செய்வதற்கு முன்னால் மூளையில் என்ன நடக்கிறது, அவசர சுபாவக்காரர்களுக்கு அது வேறாக நடக்கிறதா என்பது அவளுடைய கேள்வி. அதற்கு ஆள் கிடைக்கவில்லையாம். சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் பெஞ்சமின் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எல்லாரும் தலையில் ஒயரா, ஷாக் அடித்தால் யார் பொறுப்பு என்று கிண்டல் செய்தார்கள். நான் வரேன் என்றார் ராசப்பன். சொன்ன பிறகு, இதையாவது யோசித்துச் சொன்னோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெஸ்லினின் கல்லூரிக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் போனபோது வேகம் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, உடம்பு சரியில்லையா அண்ணே என்று கேட்டுவிட்டுப் போனார். கைப்பிடியில் இருந்த வலது கையை அவர் பார்த்துக்கொண்டே வந்தார். அது திடீரென்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால்? அது வேண்டுமென்று முறுக்குமா, அல்லது அவர் வேண்டுமென்று முறுக்குவாரா? இதுவரை அந்த இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தார்.

ஜெஸ்லின் முதலில் ஒரு படிவம் கொடுத்தாள். வரிசையாக வாக்கியங்கள். யோசிக்காமல் பேசிவிடுகிறேன். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுகிறேன். காத்திருப்பது எனக்குச் சிரமம். எவ்வளவு அடிக்கடி என்று டிக் போட வேண்டும். ராசப்பன் ஒன்றில் ‘அடிக்கடி’ என்று போட்டு, அழித்து, ‘எப்போதாவது’ என்று போட்டு, அதையும் அழித்தார். காகிதம் கிழிந்தது. ஜெஸ்லின் வேறு தாள் தந்தாள். இந்தமுறை உள்ளதை உள்ளபடி போட்டார். எல்லாமே ‘அடிக்கடி’ பக்கமாகப் போய்விட்டதைப் பார்த்து, தாளைக் கவிழ்த்துக் கொடுத்தார்.

பிறகு தலையில் நீச்சல் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினாள். அதில் நிறையச் சிறு வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் குளிர்ந்த பசையை வைத்தாள். எதிரே திரையில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். அதைச் சுற்றி ஒரு புள்ளி ஓடியது. எப்போது தோன்றுகிறதோ அப்போது பட்டனை அழுத்த வேண்டும், அழுத்த வேண்டும் என்று தோன்றிய நிமிஷத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எண்பது தடவை.

அவ்வளவுதானா என்று நினைத்தார். பத்துத் தடவைக்குள் அது எவ்வளவு பயங்கரமான வேலை என்று தெரிந்துவிட்டது. யாரும் சைகை காட்டவில்லை. பார்க்க ஒரு தோளும் இல்லை. அவர் காத்திருந்தார், கை அழுத்தியது. எப்போது தோன்றியது என்று தேடினால் அங்கே ஒன்றும் இல்லை. அழுத்திய இடத்தையே சொன்னார். கொஞ்சம் முன்னால் ஏதாவது இருந்ததா என்று ஒவ்வொரு தடவையும் உள்ளே தேடினார். இருட்டு அறையில் கையால் துழாவுகிற மாதிரி இருந்தது. துழாவுகிறதும் அதே கைதான்.

முடிந்து தலையைத் துடைத்துக்கொண்டபோது, என்ன தெரிந்தது என்று கேட்டார். தனி ஆளுக்கு ரிசல்ட் சொல்லக்கூடாது என்று ஜெஸ்லின் பணிவாகச் சொன்னாள். ராசப்பன் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு கையுறையைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் சொல்லாததை, நண்பரின் மகளிடம், தலையில் பசை காய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னார். நாளைக்குத் தூக்கப்போகும் டிரம்மையும் சொன்னார். இன்னொரு கிரேனில் அவள் அப்பா இருப்பார் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் நாற்காலியை மறுபடி திரைப் பக்கம் இழுத்தாள்.

அவள் வெகுநேரம் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கோடு. அது வேறு யாரோ ஒருவருடையது, பெயர் கிடையாது என்றாள். பட்டனை அழுத்துவதற்கு ஒன்றரை நொடிக்கு முன்னாலேயே அந்தக் கோடு சாயத் தொடங்கி, மெல்ல இறங்கி, அழுத்தும் இடத்துக்கு வந்தது. “பஸ்ஸு கெளம்பறதுக்கு முன்னாடி இன்ஜின் உறுமுதுல்ல அங்கிள், அந்த மாதிரி. கை அசையறதுக்கு முன்னாடியே மூளை தயாராக ஆரம்பிச்சிடும். நமக்குத் தோணறதுகூட அதுக்கப்புறம்தான்.”

இரண்டாவது கோடு அவருடையது. கிட்டத்தட்டக் கடைசிவரை தட்டையாக வந்து, முடிவில் சின்னதாக ஒரு பள்ளம். தோன்றியது என்று அவர் சொன்ன இடம் ஒரு சிவப்புக் கீற்றாக இருந்தது. அது, பட்டனை அழுத்திய இடத்தைக் காட்டும் கீற்றின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

இதை வைத்து ஒரு ஆளைப் பற்றி எதுவும் முடிவு பண்ணக்கூடாது என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவசர சுபாவம் உள்ளவர்களுக்குத் தோன்றுவதற்கும் அசைவதற்கும் நடுவே இடைவெளி குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, எல்லாமும் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்குத் தூக்கம் போதாமல்கூட இப்படி வந்திருக்கலாம். பசை சரியாக ஒட்டாமல்கூட.

“நடுவுல நிறுத்தணும்னா முடியுமா பாப்பா?”

“கடைசி நேரத்துலகூட முடியுதாம். ஆனா ஒரு நொடில அஞ்சுல ஒரு பங்கு இருக்கறப்ப, அதுக்கப்புறம் நிறுத்த முடியறதில்லன்னு ஒரு ஆய்வு இருக்கு.”

“எனக்கு அதுக்கு முன்னாடின்னு ஒண்ணு இருக்கா?”

ஜெஸ்லின் கோட்டைப் பார்த்தாள். “தெரியலை அங்கிள். நிஜமாவே தெரியலை.”

அவள் ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததை ராசப்பன் மரியாதையாக எடுத்துக்கொண்டார். வாசல்வரை கூடவே வந்தவள், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். கிரேனில் காத்திருக்கும்போது கை எங்கே இருக்கும்? லிவர் மேல்தான் என்றார். அப்படியென்றால் கை ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டது என்றுதானே அர்த்தம் என்றாள். சொல்லிவிட்டு, எனக்குக் கிரேன் தெரியாது அங்கிள், தப்பாகச் சொல்கிறேனோ என்னவோ என்று உடனே பின்வாங்கினாள்.

மதியம் மலர்க்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோடு, தொப்பி என்பதற்கெல்லாம் முதலில் சிரித்தாள். கையுறைக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. லீவு போடுங்கள் என்றாள். அவரும் அதை யோசித்திருந்தார். அவர் வராவிட்டால் இரண்டு கிரேன் வேலையே பழகாத ஒருவரை ஏற்றுவார்கள். காரணம் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் கேபினை விட்டு இறக்கிவிடுவார்கள். கேபினை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? இருபது வருஷமாக உலகத்தை மேலேயிருந்து மட்டுமே பார்த்துப் பழகியவர்.

மலர்க்கொடி அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறேன்னு அன்னைக்குச் சொன்னது நீங்களா, இதுவா?”

“வாயில்ல சொல்லுச்சு.”

“வெளையாடாதீங்க.”

 பதினாறு வருஷத்தில் அவள் அந்தக் கல்யாணப் பேச்சைப் பயத்தோடு எடுத்தது அதுதான் முதல்தடவை. கையை அவர் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, “யார்கிட்டயாவது சொல்லிடுங்க. முருகானந்தம் அண்ணன்கிட்டயாவது,” என்றாள்.

திங்கள் காலை பஸ்ஸில் சொல்ல நினைத்தார், முருகானந்தம் தூங்கிவிட்டார். டீ நேரத்தில் சொல்ல நினைத்தார். ஷிஃப்ட் இன்ஜினியர் குத்புதீன் வந்து, ட்ரெய்லர்காரர் அவசரப்படுகிறார் என்றார். ஒன்பது மணிக்கு ராசப்பன் ஏணியில் ஏறினார். பாதி ஏணியில் கால் ஒரு படியைத் தவறவிட்டது. இதுவரை அவரைக் கால் பயமுறுத்தியதே இல்லை. இப்போது அதையும் நம்ப முடியவில்லை.

கேபினில் உட்கார்ந்ததும் வலது கை தன்பாட்டுக்கு லிவருக்குப் போனது. அதை எடுத்துப் பக்கத்துக் கம்பியைப் பிடிக்க வைத்தார். எதிர்க் கேபினில் பெஞ்சமின் தெரிந்தார். கீழே டிரம் இரண்டு பக்கமும் ஸ்லிங் மாட்டிக் கிடந்தது. எட்டுத் தலைகள். முருகானந்தம் எல்லாரையும் விலக்கிவிட்டு நடுவே வந்து நின்று, மேலே பார்த்தார். கை விரலைப் பார்த்த பிறகுதான் தூக்குவது என்று ராசப்பன் முடிவு செய்திருந்தார். எது வந்தாலும் விரல் தெரிகிறவரை கம்பியை விடுவதில்லை.

முருகானந்தத்தின் தோள் ஏறியது.

ராசப்பனின் கை கம்பியில் துள்ளியது. பிடித்துக்கொண்டார். இப்போது விரல் வரும் என்று காத்திருந்தார். விரல் வரவில்லை. முருகானந்தம் அப்படியே நின்றார். அவர் முகத்தில் ஒரு குழப்பம். மறுபடி தோள் ஏறி இறங்கியது. கை இடுப்பைத் தாண்டவில்லை. எதிர்க் கேபினில் பெஞ்சமினும் அசையவில்லை. யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள். ஷெட்டில் சத்தம் குறைந்தது. என்ன ஆச்சு என்று குத்புதீன் கையை விரித்தார். மூன்றாவது தடவை தோள் ஏறியது.

ராசப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. முருகானந்தம் சைகை காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய சைகையே அவ்வளவுதான். அந்தத் தோள்தான்.

மெயின் ஸ்விட்சை அணைத்தார். ஏணியில் இறங்கினார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஷெட்டின் நடுவில் நடந்துபோய் முருகானந்தத்தின் முன்னால் நின்றார்.

“அண்ணே, அன்னைக்கு நீங்க தூக்கச் சொல்லலை. நானாத் தூக்கிட்டேன். உங்க தோளைப் பாத்துத்தான் தூக்கறேன். ரொம்ப நாளா.”

“தெரியும்,” என்றார் முருகானந்தம்.

“தெரிஞ்சு ஏண்ணே ஒண்ணும் கேக்கலை?”

முருகானந்தம் தன் புதுக் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினார். “கேட்டா நீ என்னைக் கேப்பியே. நான் கையத் தூக்கி எத்தனை வருஷம் ஆச்சுன்னு. நீ தோள்லயே எடுத்துடறே, நான் எதுக்கு விரலைச் சுத்தணும்னு விட்டுட்டேன். அன்னைக்குக் கட்டையைத் தள்ளப் போனப்ப தோள் ஏறும்னு எனக்குத் தோணவே இல்லை.”

பெஞ்சமினும் இறங்கி வந்துவிட்டார். என்ன பேச்சு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வெகுநேரம் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். அவசரப்படாமல், அவர் பாணியில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“நான் முருகானந்தத்தைப் பாக்கறதே இல்லை. ராசப்பன் ரோப் எப்ப இறுகுதுன்னு பாப்பேன். அது இறுகுச்சுன்னா நானும் இழுப்பேன்.”

 ராசப்பன் அந்த டிரம்மைப் பார்த்தார். இதே இடத்திலிருந்து எத்தனை டிரம் போயிருக்கும். அத்தனையும் மேலே எழுந்தது யாருடைய உத்தரவில்? முருகானந்தம் ராசப்பனை நம்பினார், பெஞ்சமின் ராசப்பனை நம்பினார், கீழே நின்றவர்கள் மூன்று பேரையும் நம்பினார்கள். எல்லாருடைய உயிரும் அவருக்கே தெரியாமல் முந்திக்கொள்கிற ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தடவைகூட விழாதது திறமையா, அதிர்ஷ்டமா என்று கண்டுபிடிக்க எந்தத் தொப்பியும் கிடையாது.

குத்புதீன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ட்ரெய்லர் காத்திருக்கட்டும் என்றார். பிறகு, “ராசப்பன், நீங்க மறுபடி ஏறுவீங்களா, மாட்டீங்களா?” என்று கேட்டார்.

“பயமா இருக்கு சார்.”

“எனக்கும்தான். ஏறுவீங்களா?”

“ஏறட்டும் சார். நான் கையத் தூக்கறேன்,” என்றார் முருகானந்தம்.

தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஆபரேட்டர் ஹாரன் அடித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சேர்ந்த வாரத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்கப்புறம் யாரும் அடிப்பதில்லை. ஹாரன் பட்டன் கேபினில் இடது பக்கம் இருக்கிறது. அதை இடது கையால் அடிக்காமல் வலது கையாலேயே அடிப்பதென்று ராசப்பன் சொன்னார். அப்போது வலது கை லிவரில் இருக்க முடியாது. எதிர்ப்பக்கம் போய்விட்டுத்தான் திரும்பி வர வேண்டும். பெஞ்சமின் ஹாரன் கேட்டு, தானும் ஒன்று அடித்து, அதன் பிறகுதான் இழுக்க வேண்டும். பெஞ்சமின் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முதலில் வெறும் கொக்கியோடு பழகினார்கள். முருகானந்தம் கையை முழுதாகத் தூக்கி, விரலை நீட்டி, சுவரில் மாட்டியிருக்கும் சைகைப் படத்தில் உள்ளவர் மாதிரி சுழற்றினார். பல வருஷமாகத் தூக்காத கை. அவருக்கே கூச்சமாக இருந்தது. கரகாட்டம் கத்துக்கிறீங்களாண்ணே என்று யாரோ கேட்டார்கள்.

முதல் தடவை, அவர் கை நெஞ்சுக்கு வருவதற்குள் மேலே ஹாரன் அடித்துவிட்டது. கொக்கி அசையவில்லை. சத்தம் மட்டும்தான். முருகானந்தம் கையைக் கீழே போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். இரண்டாவது தடவையும் ஹாரன் முந்தியது. மூன்றாவதும். கீழே சிரிப்பு எழுந்தது. ராசப்பனுக்கு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. தன் கை எத்தனை தடவை முந்துகிறது என்பதை முதன்முறையாகக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இந்த ஒவ்வொரு சத்தமும் ஒரு சரக்கு எழுந்த நேரம்.

ஐந்தாவது தடவை விரல் சுழன்ற பிறகு ஹாரன் வந்தது. அரைமணி நேரம் வெறும் கொக்கி ஏறி இறங்கியது. பதினொரு மணிக்கு டிரம்முக்கு மாட்டினார்கள். எட்டுப் பேரும் இந்தமுறை யாரும் சொல்லாமலே இன்னும் பத்தடி தள்ளி நின்றார்கள்.

விரல் உயர்ந்தது, சுழன்றது. ராசப்பன் ஹாரன் அடித்தார். பெஞ்சமின் அடித்தார். வலது கை திரும்பி வந்து லிவரை இழுத்தது. இரண்டு பக்கமும் கயிறு இறுகி, டிரம் கட்டைகளைவிட்டு ஒரு சாண் எழுந்தது. இங்கே நிறுத்தி ஸ்லிங்குகளைப் பார்ப்பது முறை. முருகானந்தம் உள்ளங்கையை விரித்தார். லிவர் நடுவுக்கு வந்தது. டிரம் நின்றது, ஒரு பக்கமும் சாயாமல்.

கீழே யாரோ கைதட்டினார்கள். ராசப்பன் லிவரில் இருந்த தன் கையையே பார்த்தார். உள்ளங்கை விரிந்ததைப் பார்த்து நிறுத்தினாரா, விரியப்போகிறது என்று நிறுத்தினாரா? நினைவைத் தோண்டிப் பார்த்தார். கையும் நிறுத்தமும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் எதுவும் அகப்படவில்லை.

முருகானந்தம் ஸ்லிங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றார். ராசப்பன் லிவரிலிருந்து கையை எடுத்து, இடது பக்கம் கொண்டுபோய், ஹாரன் பட்டனுக்கு ஒரு விரற்கடை மேலே, தொடாமல் நிறுத்தினார். அது லிவருக்குத் திரும்பாமல் அங்கே நின்றது. அவர் விரலுக்காகக் கீழே பார்த்தார். முருகானந்தத்தின் தோள் இன்னும் ஏறவில்லை.